கோழி மூணாவது தடவையா அடைக்கு உட்கார்ந்துட்டா, கத்திரி வெயில்ல எப்படி எழுப்புறது?

முற்றத்துக்கோழி | மே 6, காலை 6:50

வணக்கம். லால்குடி பக்கம் எங்க வீட்டுக் கொல்லையில ஒன்பது கோழி இருக்கு. ஆறு சிறுவிடை (சின்ன நாட்டுக்கோழி ரகம்), மூணு கிராமப்பிரியா (முட்டைக்கு வளர்க்குற ரகம்). சேவல் கிடையாது. பக்கத்து வீட்டுல கைக்குழந்தை இருக்கறதால போன வருஷம் தங்கச்சி வீட்டுக்குக் கொடுத்துட்டோம்.

பிரச்சினை செவலை ஒருத்திதான். ரெண்டு வயசு. பன்னெண்டு, பதிமூணு முட்டை போட்டதும் அடைக்கு உட்கார்ந்துடுறா. தை மாசம் வெறும் வைக்கோல் மேலயே ஒரு மாசத்துக்கு மேல கிடந்தா. பங்குனியில திரும்ப. அப்ப தினமும் நாலஞ்சு தடவை தூக்கி வெளியில விட்டு, பத்து நாள்ல ஒருவழியா எழுந்தா. இப்ப சித்திரையில மறுபடியும். இன்னையோட பத்து நாள் ஆகுது.

செஞ்சதையெல்லாம் சொல்லிடுறேன். முட்டையை அன்னன்னைக்கே எடுத்துடுறேன். தூக்கி வெளியில விட்டா ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு ஓட்டமா ஓடிவந்து அதே மூலையில படுத்துக்குறா. கூண்டைச் சாத்தி வச்சேன், மாட்டுக்கொட்டகைத் தொட்டிக்குள்ள போய்ப் படுத்துட்டா. தண்ணி பாட்டிலை ஃப்ரீசர்ல உறைய வச்சு அடியில வச்சேன். இங்க அடிக்கிற வெயிலுக்கு அது அவளுக்கு இதமா இருந்திருக்கணும், அது மேலயே உட்கார்ந்துட்டா. ஒரு மணி நேரத்துல உருகிப்போச்சு.

கூண்டு தகரக் கூரை போட்டது. மதியம் உள்ள கை வைக்க முடியலை. வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கிட்டே உட்கார்ந்திருக்கா. கொண்டை வெளுத்துப்போச்சு. கையில எடுத்தா நெஞ்செலும்பு குத்துது. முட்டை போகட்டும், இந்த வெயில்ல உயிரை விட்டுடுவாளோன்னு பயமா இருக்கு. மாமியார் மூக்குல இறகு குத்தச் சொல்றாங்க. எனக்கு மனசு வரலை. வேற வழி இருந்தா சொல்லுங்க.

பஞ்சாரம் | மே 6, காலை 7:35

தங்கச்சி, கரூர்ல இருந்து எழுதுறேன். மாமியார் சொல்றது ஒண்ணும் புதுசு இல்லை. எங்க வீட்டுலயும் அப்படித்தான் செய்வாங்க. அதோட இறகுலயே ஒண்ணை உருவி, மூக்குத் துவாரத்துல இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் எடுத்துடுவாங்க. அதைத் தட்டிவிடப் பார்த்துக்கிட்டே நாள் முழுக்கத் திரியும், உட்காராது. மூணு நாள்ல அடை தெளிஞ்சிடும். அதுக்கு மனசு வரலைன்னா சாயங்காலம் ஒரு வாளித் தண்ணியில கழுத்து வரைக்கும் ரெண்டு முக்கு முக்கி விடு. காலைக் கட்டி வெயில்ல போடுறவங்களும் உண்டு. அதை நான் செஞ்சதில்லை, யாரையும் செய்யச் சொல்லவும் மாட்டேன்.

கால்நடை_மாணவி | மே 6, காலை 8:20

அக்கா, தயவுசெஞ்சு இறகு குத்தாதீங்க. பஞ்சாரம் ஐயா அனுபவத்துல சொல்றாங்க, அதுக்கு மரியாதை உண்டு. ஆனா இந்த வெயில்ல வேண்டவே வேண்டாம். கோழிக்கு வியர்க்காது. அதோட சாதாரண உடல் சூடே 41 டிகிரி செல்சியஸுக்குக் கிட்ட இருக்கும், அந்தச் சூட்டை வெயில் நேரத்துல முக்கியமா மூச்சு வழியாத்தான் வெளியேத்தணும். ஏற்கெனவே மூச்சு வாங்குற கோழியோட மூக்கைப் புண்ணாக்கினா ரெட்டைக் கஷ்டம். அந்தப் புண்ணுல ஈ உட்கார்ந்தா புழுவும் வைக்கும்.

முதல்ல ஒண்ணு உறுதி பண்ணிக்கோங்க. கையைக் கிட்ட கொண்டுபோனா உடம்பு முழுக்க இறகைச் சிலுப்பிக்கிட்டு குர்ருன்னு சத்தம் கொடுத்து கொத்த வர்றாளா? வெளியில விட்டதும் ஒரு பெரிய குவியலா, தாங்க முடியாத நாத்தத்தோட எச்சம் போடுறாளா? அப்படின்னா அடைதான். வாலைத் தாழ்த்திக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டு, முக்குற மாதிரி நின்னா அது முட்டை உள்ளயே சிக்கியிருக்கிற கேஸ். அதுக்கு உடனே டாக்டர்கிட்ட போகணும். ரெண்டுமே கூட்டுல ஒரே மாதிரி அசையாம உட்கார்ந்திருக்கும்கறதால கேக்குறேன்.

முற்றத்துக்கோழி | மே 6, காலை 8:41

நீங்க சொன்ன முதல் வகைதான். சிலுப்பிக்கிட்டு நிக்கிறப்ப முள்ளம்பன்றி மாதிரி இருக்கா. காலையில போட்ட எச்சத்தை மண் போட்டு மூட வேண்டியதாப் போச்சு. வயித்துப் பக்கம் இறகையெல்லாம் பிச்சுப் போட்டிருக்கா, தோல் சிவப்பா, தொட்டா கொதிக்குது.

கால்நடை_மாணவி | மே 6, காலை 9:10

அந்தத் தோல்லதான் எல்லாமே இருக்கு அக்கா. முட்டைக்குச் சூடு நேரா ஏறணும்னுதான் அங்க இறகை உதிர்க்குறா. அந்த இடத்துல ரத்த ஓட்டம் கூடிடும். வெதுவெதுப்பா, மெத்துன்னு ஒண்ணு அந்தத் தோலைத் தொட்டுக்கிட்டே இருக்கிற வரைக்கும் மூளைக்கு அடியில இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி புரோலாக்டின்கற ஹார்மோனைச் சுரந்துக்கிட்டே இருக்கும். தாய்மாருக்குப் பால் சுரக்க வைக்கிறதும், புறா குஞ்சுக்கு ஊட்டுற பாலுக்குக் காரணமா இருக்கிறதும் இதே ஹார்மோன்தான். அது ஏறினா முட்டை உருவாகிற உறுப்பு சுருங்கிடும், பசி குறையும், கூட்டை விட்டுப் போக மனசே வராது.

அதனால அவ அடம் பிடிக்கலை. உடம்பு அவளை உட்கார வைக்குது. முட்டையை எடுத்தாலும் உட்கார்றதுக்குக் காரணம், அடியில இருக்கிற வைக்கோலே அவ சூட்டுல சூடாகி அந்தத் தோலைத் தொட்டுக்கிட்டு இருக்கிறது. அடிவயிறு குளிரணும், தொடர்ந்து சில நாள் குளிரணும். தண்ணியில முக்குறதும் இதுக்குத்தான், ஆனா அரை மணியில காய்ஞ்சு பழையபடி போய் உட்கார்ந்துடும்.

கொங்குவெள்ளாமை | மே 6, முற்பகல் 11:05

ஏனுங்க அம்மிணி, காங்கேயத்துல இருந்துங்க. எங்கூர்ல இதை அவயத்துக்கு உக்காந்திருச்சும்பாங்க. எங்க தோட்டத்துல முப்பது முப்பத்தஞ்சு உருப்படி கெடக்குதுங்க, எந்நேரமும் ஒண்ணு ரெண்டு அவயத்துலயேதான் இருக்கும். மாணவி கண்ணு சொன்னதுதானுங்க சேதி. வயிறு குளிரோணும்.

நான் பண்றது கம்பிக் கூண்டுங்க. நாலு பக்கம் மட்டும் கம்பி போட்டா பத்தாது, அடியும் கம்பியா இருக்கோணும். ஒரு இஞ்ச் கண் உள்ள வெல்டு மெஷ் போதும். அதுக்கு மேல பெருசா இருந்தா கால் எறங்கிச் சிக்கிக்கும். அதைத் தரையில வெச்சுப்போடாதீங்க, நாலு ஹாலோபிளாக் கல்லு மேல ஒண்ணரை அடி ஒசரத்துல வையுங்க. அடியில காத்து போகோணும். உள்ளார வைக்கோல், சாக்கு, துணி, ஒரு காகிதம் கூட ஆகாதுங்க. கால் வலிக்குமேன்னு பரிதாபப்பட்டு ஒரு சாக்கை விரிச்சீங்கன்னா அத்தனையும் வீண். கால் வலிக்காம இருக்க ஒரு வேப்பங்குச்சியைக் குறுக்க கட்டுங்க, அதுல நின்னுக்கும்.

எடம் முக்கியம். வேப்பமரத்து நெழல், காத்தோட்டம், வெளிச்சம். மத்த கோழி மேயறது கண்ணுல படோணும். இருட்டு மூலையில வெச்சா அங்கயே அவயத்துக்கு உக்காந்திரும். தண்ணியும் தீனியும் எப்பவும் இருக்கட்டும். பட்டினி போட்டா சீக்கிரம் தெளியும்னு சிலபேர் சொல்லுவாங்க, அது பாவமுங்க. பத்து நாளா அரை வயிறும் கால் வயிறுமா கெடந்த சீவன். கம்பு, மக்காச்சோளக் குருணை, முருங்கைக்கீரை எல்லாம் குடுங்க.

ராத்திரியும் அதுலயேதானுங்க இருக்கோணும். பகல் பூரா கூண்டுல போட்டு ராத்திரி பழைய எடத்துல விடறவங்கதான் வேலைக்காகலைன்னு சொல்றவங்க. ஆனா மரநாய், கீரி, பூனை பயம் இருந்தா பொழுது சாஞ்சதும் கூண்டோட திண்ணைக்கோ ரூமுக்கோ தூக்கிக்குங்க.

மூணு ராத்திரி, நாலு பகல் ஆகும். பத்து நாளா உக்காந்திருக்கறதால உங்களுதுக்கு அஞ்சு நாள் கூட ஆகலாமுங்க. மொத நாளே புடிச்சிருந்தா ரெண்டு நாள்ல முடிஞ்சிருக்கும்.

மாடித்தோட்டம்_தாம்பரம் | மே 6, மதியம் 1:30

ஒரு கேள்வி. இதுக்கு மாத்திரை ஏதாவது இருக்கா? எங்க மாடியில நாலு கோழிதான், கூண்டெல்லாம் செய்ய இடம் இல்லை. இன்னொண்ணு, சும்மா விட்டாலே 21 நாள் கழிச்சு தானா எழுந்துடும்னு சொல்றாங்களே?

கால்நடை_மாணவி | மே 6, மதியம் 2:15

புரோலாக்டினை அடக்குற மருந்தை ஆராய்ச்சியில கோழிக்குக் கொடுத்துப் பார்த்திருக்காங்க. வீட்டுல அதெல்லாம் வேண்டாங்க. முட்டையை நாமதான் சாப்பிடுறோம், குழந்தைக்கும் கொடுக்குறோம்.

21 நாள் கணக்கு முட்டைக்குத்தான், கோழிக்கு இல்லை. குஞ்சு சத்தம் கேட்டாத்தான் அடுத்த கட்டத்துக்கு மனசு மாறும். குஞ்சே வரலைன்னா அஞ்சு வாரம், ஆறு வாரம் கூட உட்கார்ந்திருக்கும். செவலை தை மாசம் அப்படித்தான் கிடந்திருக்கா. குளிர் காலத்துல அதைத் தாங்கிட்டா. இப்ப தகரத்துக்கு அடியில தாங்குவான்னு நான் நம்பலை.

தென்மராட்சியான் | மே 6, மாலை 5:20

அக்கா, நான் யாழ்ப்பாணம். எங்கட பக்கம் கோழி அடை கிடக்குது எண்டு சொல்லுவம். நான் கொஞ்சம் மாறிச் சொல்லுறன், குறை நினையாதேங்கோ. அது மூண்டு தரமாக் கேக்குது, நீங்கள் மூண்டு தரமும் மறிச்சுக்கொண்டு இருக்கிறியள். தங்கச்சி வீட்டில சேவல் நிக்குதெண்டால் கரு உள்ள முட்டை ஒரு ஒன்பது வாங்கி வையுங்கோவன். கிடக்கட்டும், பொரிக்கட்டும். என்னட்டை நிக்கிற ஊர்ப்பேடு ஒண்டு தாரா (வாத்து) முட்டையையும் பொரிச்சது. 28 நாள், அசையேல்லை. கடைசி நாட்களில நான் முட்டைக்குக் கொஞ்சம் தண்ணி தெளிச்சு விட்டனான், தாரா முட்டைக்கு ஈரம் கூட வேணும். அப்பிடி ஒரு தாயை நான் எந்த மெஷினுக்கும் மாத்தமாட்டன்.

கொங்குவெள்ளாமை | மே 6, மாலை 6:40

தம்பி சொல்றது எனக்கும் புடிச்ச சேதிதானுங்க. ஆனா இப்ப வேண்டாம். கத்திரியில பொறுக்கி வெச்ச முட்டை ரெண்டு நாள்லயே கெடத் தொடங்கிருமுங்க. அடையே வைக்காம, வீட்டுச் சூட்டுலயே கரு கொஞ்சம் வளந்து அப்படியே நின்னு செத்துப்போகும். வெச்சா பாதி கூமுட்டை. போன வருசம் சித்திரையில பதினொண்ணு வெச்சு மூணே மூணு குஞ்சு எடுத்தேன். அதைவிட, இந்தக் கோழி ஏற்கெனவே பத்து நாள் தேஞ்சு கெடக்குது. இன்னும் 21 நாள்னா முப்பத்தியொரு நாள். அது பொறந்த குஞ்சைப் பாக்க உசுரோட இருக்கோணுமில்லீங்களா.

தென்மராட்சியான் | மே 6, மாலை 6:58

பத்து நாள் கிடந்ததை நான் கணக்கில எடுக்கேல்லை. நீங்கள் சொல்லுறது சரி அண்ணை. அக்கா, இந்த முறை எழுப்பி விடுங்கோ. அடுத்த முறைக்கு என்ர சொல்லை ஞாபகம் வச்சிருங்கோ.

முற்றத்துக்கோழி | மே 7, இரவு 9:10

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து சாயங்காலமே வீட்டுக்காரர் தோட்டத்து வேலிக்கு வாங்கி மிச்சமிருந்த வெல்டு மெஷ்ல ரெண்டடிக்கு ரெண்டடி கூண்டு கட்டிட்டார். முனையெல்லாம் வெளிப்பக்கமா மடிச்சிருக்கு, உள்ள எதுவும் குத்தாது. வேப்பமரத்தடியில கல்லு அடுக்கி வச்சாச்சு. ராத்திரி திண்ணைக்குக் கொண்டுவந்து ரெண்டு நாற்காலிக்கு நடுவுல வைக்கிறோம், அடியில காத்து போகுது.

சமையல்கட்டுத் தராசுல எடை போட்டேன். 1 கிலோ 50 கிராம். மாசி மாசம் மகள் விளையாட்டா எடை போட்டப்ப 1 கிலோ 300 கிராம் இருந்தா.

இன்னைக்குப் பூரா கத்தல். கம்பியிலயே உட்காரப் பார்க்கிறா, சரிப்படாம எழுந்து சுத்திச் சுத்தி வர்றா. பார்க்கவே கஷ்டமா இருந்துச்சு. ரெண்டு தடவை கதவைத் திறக்கப் போயிட்டுத் திரும்பி வந்தேன்.

புதுசா ஒண்ணு. தூக்குறப்ப இறகை விலக்கிப் பார்த்தேன், ஆசனவாய்கிட்ட பழுப்பா சின்னச் சின்னதா ஓடுது. கையிலயும் ஏறிடுச்சு. பேனா, செள்ளா?

பஞ்சாரம் | மே 7, இரவு 9:32

ரெண்டுல எதுவா இருந்தாலும் காரணம் ஒண்ணுதாம்மா. அடையில கிடக்கிற கோழி மண்ணுல புரளாது. மத்த கோழி தினமும் புழுதியில குளிச்சு உதறிடும். இது பத்து நாளா ஒரே இடத்துல சூட்டோட கிடக்கு, பூச்சிக்கு அதைவிட நல்ல இடம் ஏது.

அந்தப் பழைய வைக்கோலை முதல்ல அள்ளித் தூரமாக் கொண்டுபோய்க் கொளுத்து. கூண்டு மூலை, பலகை இடுக்கு எல்லாம் சுடுதண்ணி ஊத்தி, காய்ஞ்சதும் சுண்ணாம்பு அடி. செள்ளு பகல்ல இடுக்குக்குள்ள ஒளிஞ்சிருக்கும், ராத்திரி வந்து ரத்தம் குடிக்கும். கோழியை மட்டும் சுத்தம் பண்ணிட்டு கூண்டை விட்டா மறுநாளே ஏறிடும். கோழிக்கு அடுப்புச் சாம்பலைச் சலிச்சு, ஆத்து மணலோட கலந்து ஒரு அகலச் சட்டியில வை. சாயங்காலம் கூண்டுல இருந்து எடுத்து அரை மணி நேரம் அதுல விடு. நீ பக்கத்துலயே நில்லு, இல்லைன்னா ஓடிடும். வேப்பிலையைக் காயவச்சுப் பொடிச்சும் போடலாம்.

இறகு விஷயத்துல ஒண்ணு சொல்லணும். மாணவிப் பொண்ணு புழு வைக்கும்னு எழுதினதைப் படிச்சதும், சின்ன வயசுல எங்க வீட்டுல ஒரு கருங்கோழி மூக்கு வீங்கி, ஒரு கண்ணு மூடிப்போய்ச் செத்தது ஞாபகம் வந்துச்சு. அப்ப ஏதோ சீக்குன்னு நினைச்சுக்கிட்டோம். காரணம் இதுதான்னு இப்ப என்னால உறுதியா சொல்ல முடியாது. ஆனா இனி யாருக்கும் அதைச் சொல்லமாட்டேன்.

கால்நடை_மாணவி | மே 7, இரவு 10:05

நன்றிங்க ஐயா. அக்கா, சாம்பல்ல நெருப்புத்துண்டு எதுவும் இல்லாம ஆறவச்சுப் போடுங்க. ஒரு வாரத்துல குறையலைன்னா பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்துல கேளுங்க. வயலுக்கு அடிக்கிற பூச்சிமருந்தைக் கோழி மேல மட்டும் தடவிடாதீங்க.

முற்றத்துக்கோழி | மே 10, காலை 10:20

நாலு ராத்திரி ஆச்சு. நேத்து ரொம்ப அமைதியா இருந்தா, குச்சி மேல நின்னு இறகைக் கோதிக்கிட்டா. தெளிஞ்சிடுச்சுன்னு நினைச்சு இன்னைக்குக் காலையில திறந்துவிட்டேன். பத்து நிமிஷம் மத்த கோழிகளோட மேய்ஞ்சா. நான் உள்ள போய் இட்லி ஊத்திட்டு வர்றதுக்குள்ள காணோம். தேடினா பழைய இடத்துலயே, வைக்கோல் இல்லாத வெறும் பலகையில படுத்திருக்கா. அழுகையே வந்துடுச்சு.

கொங்குவெள்ளாமை | மே 10, முற்பகல் 10:55

அழுகாதீங்க அம்மிணி, இது எல்லார்த்துக்கும் நடக்கறதுதானுங்க. கூண்டுக்குள்ள இருக்கறப்ப அமைதியா இருக்குதுங்கறது கணக்கில்லை. தொறந்துவிட்டு, பழைய எடத்துக்குப் போற வழி இருந்தும் போகாம இருக்கோணும். இன்னும் ரெண்டு ராத்திரி போடுங்க.

அடுத்த தடவை தொறக்கறதைப் பொழுது சாயறப்ப வெச்சுக்குங்க, காலையில வேண்டாம். மத்த கோழி ஏறிப் படுக்குற கட்டைக்கு இதுவும் ஏறிப் படுத்துச்சுன்னா தெளிஞ்சுபோச்சுன்னு அர்த்தம். கீழ எறங்கி மூலைக்கு நடந்துச்சுன்னா புடிச்சு மறுபடி கூண்டுல போடுங்க. அப்புறம் முட்டை போடற பொட்டியெல்லாம் மதியம் ஒரு மணிக்கு மேல சாத்திப்போடுங்க. மத்ததுக காலையிலயே முட்டை போட்டு முடிச்சிரும், இதுக்குப் படுக்க எடம் இருக்காது.

ஓலைக்கூரை | மே 10, மாலை 4:45

இடையில வர்றதுக்கு மன்னிக்கணும். கொண்டையையும் கவனிங்க சகோதரி. அடை தெளியுறப்ப வெளுத்த கொண்டை மெல்லச் சிவக்க ஆரம்பிக்கும். தூக்கினா குர்ருன்னு சொல்றது நின்னு, சாதாரணக் கோழி மாதிரி கத்திக்கிட்டு ஓடும். நான் அந்தச் சத்தத்தை வச்சுத்தான் முடிவு பண்றது.

கூரை விஷயம்: தகரத்து மேல தென்னங்கீத்து ரெண்டு அடுக்கு போட்டு, மதியம் ஒரு தடவை தண்ணி தெளிச்சு விடுங்க. செவலைக்கு மட்டும் இல்ல, ஒன்பதுக்கும் நல்லது. கத்திரியில முட்டை போட உள்ள போற கோழி சுருண்டு விழுந்ததை நான் பார்த்திருக்கேன்.

முற்றத்துக்கோழி | மே 13, காலை 7:15

நேத்து பொழுது சாயறப்ப திறந்தேன். நானும் மாமியாரும் ஆளுக்கொரு பக்கம் நின்னுக்கிட்டோம். நேரா சாம்பல் சட்டிக்குப் போனா. கால் மணி நேரம் புரண்டு புரண்டு குளிச்சா. நாங்க விடாமலே அவளாப் போய்க் குளிச்சது இந்தப் பதினாறு நாள்ல அதான் முதல் தடவை. அப்புறம் கட்டைக்கு ஏறி கருப்பி பக்கத்துல உட்கார்ந்துட்டா. ராத்திரி பதினொரு மணிக்கு டார்ச் அடிச்சுப் பார்த்தேன், அங்கயேதான் இருந்தா. காலையில எல்லாரோடயும் இறங்கி மேய்றா.

மொத்தம் ஆறு ராத்திரி. கொங்குவெள்ளாமை அண்ணா சொன்ன அஞ்சு நாளையும் தாண்டிட்டா. கீத்து போட்டாச்சு, உள்ள கை வைக்க முடியுது.

இறகு குத்தச் சொன்ன மாமியார்தான் நாலாம் நாள்ல இருந்து கூண்டுக்குத் தண்ணி மாத்துனாங்க. முருங்கைக்கீரையைக் கம்பியில கட்டித் தொங்கவிட்டதும் அவங்கதான்.

பஞ்சாரம் | மே 13, காலை 7:40

மனசு நிறைஞ்சுது தங்கச்சி. முட்டைக்கு இப்பவே பெட்டியைப் பார்த்துக்கிட்டு நிக்காதே. உள்ள சுருங்கினது திரும்ப வளரணும். ரெண்டு மூணு வாரம் ஆகும். நல்லாத் தீனி போடு.

முற்றத்துக்கோழி | மே 19, மாலை 6:30

அடுத்தது கருப்பி! நேத்து சாயங்காலம் எல்லாரும் கட்டைக்கு ஏறினப்புறம் இவ மட்டும் பெட்டியில இருந்தா. கை நீட்டினேன், குர்ர். ஒரு நிமிஷம் கூடத் தாமதிக்கலை, நேத்து ராத்திரியே கூண்டு. ஒருத்தி உட்கார்ந்தா பார்த்துட்டு இன்னொருத்தியும் உட்காருவாளா?

கால்நடை_மாணவி | மே 19, இரவு 7:25

பார்த்துத் தொத்திக்குதான்னு என்னால சொல்ல முடியலை அக்கா. ஆனா பெட்டியில சேர்ந்து கிடக்கிற முட்டையும், வெதுவெதுப்பான கூடும் இன்னொரு கோழியைத் தூண்டும்கறது உண்மை. ஒரு நாளைக்கு ரெண்டு தடவை முட்டை எடுங்க. நல்லவேளை முதல் ராத்திரியே பிடிச்சீங்க.

முற்றத்துக்கோழி | மே 21, காலை 8:00

கருப்பிக்கு ரெண்டே ராத்திரிதான். நேத்து சாயங்காலம் திறந்ததும் கட்டைக்கு ஏறிட்டா. செவலையைப் பத்து நாள் தூக்கித் தூக்கி வெளியில விட்டுக்கிட்டு இருந்ததுக்குப் பதிலா முதல் நாளே கூண்டுல போட்டிருந்தா அவளுக்கு அவ்வளவு தேய்மானம் வந்திருக்காது. அதை நினைச்சா வருத்தமா இருக்கு.

மாடித்தோட்டம்_தாம்பரம் | மே 21, காலை 9:10

கிராமப்பிரியா மூணும் ஒரு தடவை கூட உட்காரலையா? அப்ப சிறுவிடையை விட்டுட்டு முழுக்க அந்த மாதிரி ரகமே வாங்கிடலாமே?

கால்நடை_மாணவி | மே 21, காலை 10:30

அடை உட்கார்ற குணம் பரம்பரையா வர்றது. வெள்ளை லெகார்ன்ல அடை உட்கார்ற கோழியைத் தலைமுறை தலைமுறையா கழிச்சுக் கழிச்சு அந்தக் குணத்தையே கிட்டத்தட்ட இல்லாம பண்ணிட்டாங்க. குஞ்சு பொரிக்க மெஷின் வந்த பிறகு தாய் தேவைப்படலை. நாமக்கல் பண்ணைக் கோழி வருஷத்துக்கு 300 முட்டைக்கு மேல போடுறதுக்கு இதுவும் ஒரு காரணம். புறக்கடைக்குன்னு ஹைதராபாத்துல உருவாக்கின கிராமப்பிரியாவும் முட்டைக்காகவே தேர்ந்தெடுத்த ரகம், அதுல அடை ரொம்பக் குறைவு. முட்டை மட்டும் போதும்னா அது சரிதான்.

பஞ்சாரம் | மே 21, முற்பகல் 11:15

முட்டை மட்டும் போதும்னா. ஆனா கரண்ட் இல்லாம, மெஷின் இல்லாம, ஒரு பஞ்சாரமும் (கோழியைக் கவிழ்த்து மூடுற கூடை) ஒரு கூடை மணலும் இருந்தா பத்துக் குஞ்சை எடுத்து, காக்காய் பருந்து கிட்ட வராமப் பார்த்து, எதைக் கொத்தணும் எதைக் கொத்தக் கூடாதுன்னு கத்துக்கொடுத்து ஆளாக்கிக் கொடுக்குறது சிறுவிடைதான் தம்பி. வல்லூறு நிழல் தரையில விழுந்ததும் ஒரு சத்தம் கொடுப்பா பாருங்க, அத்தனை குஞ்சும் செடிக்கடியில போய் உறைஞ்சு நிக்கும். அதை எந்த மெஷின் சொல்லிக்கொடுக்கும்? அடை உட்கார்றதை நோயாப் பார்த்து அந்த ரகத்தையே ஒழிச்சுட்டோம்னா நாளைக்கு யார்கிட்ட போய் நிக்கிறது?

முற்றத்துக்கோழி | மே 30, காலை 9:40

செவலை முட்டை போட்டுட்டா! திறந்துவிட்டதுல இருந்து பதினெட்டாம் நாள். சின்னதுதான், ஓடு நல்லா கெட்டியா இருக்கு. எடை 1 கிலோ 240 கிராம். கொண்டை செம்பருத்தி மாதிரி இருக்கு.

பஞ்சாரம் ஐயா எழுதினதை மாமியார்கிட்ட படிச்சுக் காட்டினேன். தென்மராட்சித் தம்பி சொன்னதையும் மறக்கலை. இந்தத் தடவை பன்னெண்டு முட்டை போட்டு அவ உட்கார்றப்ப ஆனி மாசம் பாதியாவது ஆகிடும். இனி எழுப்பப் போறதில்லை. தங்கச்சிகிட்ட சொல்லி வச்சாச்சு. கொஞ்சம் வெக்கை தணிஞ்சு காத்து அடிக்க ஆரம்பிச்சிடும், கரு முட்டை ஒன்பது வைக்கலாம்னு இருக்கேன். எப்படி வைக்கணும்னு முழுசா சொல்லுங்க, எனக்கு இதான் முதல் தடவை.

பஞ்சாரம் | மே 30, முற்பகல் 10:50

அகலமான மூங்கில் கூடை எடு. அடியில நாலு விரக்கடை மணல், நடுவுல கை வச்சுக் குழியாக்கு, மேல கொஞ்சம் வைக்கோல். முட்டை நாலு நாளைக்கு மேல பழசாகாததா, ரொம்பப் பெருசும் சின்னதும் இல்லாம, ஓட்டுல விரிசல் இல்லாததாப் பாரு. கழுவாதே. தங்கச்சி வீட்டுல இருந்து கொண்டுவர்றப்ப உமியில புதைச்சு, குலுங்காமக் கொண்டுவா, வந்ததும் அரை நாள் அசையாம வச்சுடு.

செவலை உட்கார்ந்து ரெண்டு நாள் ஆனதும், ராத்திரி இருட்டுல அவளையும் கூடையையும் தனி இடத்துக்கு மாத்தி முட்டையை அடியில வை. பகல்ல மாத்தினா பழைய இடத்துக்கே போவா. எங்க அம்மா கூடையில ஒரு கரித்துண்டும் ஒரு இரும்பு ஆணியும் ரெண்டு வரமிளகாயும் போடுவாங்க, இடி இடிச்சா முட்டை கெடாதுன்னு. நான் இன்னைக்கும் போடுறேன். அம்மா போட்டது, அதான்.

கால்நடை_மாணவி | மே 30, மதியம் 12:20

முட்டையில பென்சிலால ஒரு வட்டம் போட்டு வைங்க அக்கா. மத்த கோழி வந்து இடையில முட்டை போட்டா தெரிஞ்சு எடுத்துடலாம். ஏழாம் நாள் ராத்திரி செல்போன் டார்ச்சை முட்டைக்கு அடியில வச்சுப் பாருங்க. சிலந்தி வலை மாதிரி ரத்த நரம்பு தெரிஞ்சா கரு இருக்கு, தெளிவா இருந்தா எடுத்துடுங்க. கடைசி மூணு நாள் கையே வைக்காதீங்க. குஞ்சு வந்து ஏழாம் நாள் லசோட்டா சொட்டு மருந்து, அதை மட்டும் தள்ளிப் போடாதீங்க, வெள்ளைக்கழிச்சல் வந்தா ஒண்ணு மிஞ்சாது.

கொங்குவெள்ளாமை | மே 30, மதியம் 1:05

தினம் ஒருக்கா எறங்கித் தின்னு, தண்ணி குடிச்சு, எச்சம் போட்டுட்டு வருதான்னு பாருங்க அம்மிணி. எறங்கலைன்னா நீங்களே மெல்லத் தூக்கி விடுங்க. தூக்கறதுக்கு முன்னால றெக்கைக்கு அடியில கை விட்டுப் பாக்கோணும், முட்டை சிக்கியிருக்கும், தூக்குனா விழுந்து ஒடைஞ்சுபோகும். சாம்பல் சட்டியைப் பக்கத்துலயே வெச்சிருங்க.

முற்றத்துக்கோழி | மே 30, இரவு 8:30

எல்லாத்தையும் நோட்டுல எழுதிக்கிட்டேன். கூடை மாமியார் பரண்ல இருந்து எடுத்துக் கொடுத்துட்டாங்க, என் வீட்டுக்காரர் பொறக்குறதுக்கு முன்னாடி வாங்கினதாம். அடியில ஒரு பின்னல் விட்டிருக்கு, நாளைக்கு முசிறிச் சந்தைக்குப் போறவர் கட்டி வாங்கிட்டு வர்றேன்னு சொல்லியிருக்கார்.

தென்மராட்சியான் | மே 30, இரவு 9:02

குஞ்சு வந்த உடன படம் போடுங்கோ அக்கா. நான் பாத்துக்கொண்டு இருப்பன்.